இரண்டு பிடி ரம்பம்

முதலாளி தன் மச்சானுக்கு இரண்டாயிரத்து நானூறு தர வேண்டியிருந்தது. முப்பத்தெட்டு வருஷத்துப் பாக்கி. பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது, வட்டிப் பேச்சும் கிடையாது. கொடுத்தவரும் ஒரு நாளும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்காத கடன் கடனே இல்லை என்று முதலாளி தனக்குத் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, அந்தத் தீர்ப்பின் மேலேயே ஏறி உட்கார்ந்து காலத்தை ஓட்டிவிட்டார்.

முதலாளி என்பது பட்டறையும் கடையும் நாலு ஆளும் இருந்த நாளில் ஒட்டிக்கொண்ட பேர். மரம் அறுக்கும் மெஷின்களை விற்பது, பழுது பார்ப்பது, வாடகைக்கு விடுவது எல்லாம் அந்த ஒரே கடையில். கடையைக் கைமாற்றிவிட்டு எட்டு வருஷம் ஆகிறது. பேர் மட்டும் மிஞ்சியது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் குறைந்துபோனது.

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கையெழுத்துப் போட்டால் எறும்பு மையில் விழுந்து எழுந்து நடந்த மாதிரி இருக்கும். ஆனால் ஓடுகிற எஞ்சினை வாசலில் நின்று கேட்டே, "கார்புரேட்டர்ல தூசி", "பிளக் கருகிப்போச்சு" என்று நோயைச் சொல்லிவிடுவார். பெரிய படிப்புப் படித்தவர்கள் மூன்று நாள் கழற்றிப் போட்டுக் கைவிட்ட மெஷினை, அவர் ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு ஒரு டம்ளர் டீ ஆறுவதற்குள் ஓடவிட்டிருக்கிறார். கையில் சல்லிக்காசு இல்லாமல் வந்து, சொந்தமாக வீடு கட்டி, மகனைப் படிக்கவைத்து, எவனிடமும் போய் நிற்காமல் நிமிர்ந்த ஆள். "நான் ஒண்டியா வந்தவன், ஒண்டியாவே நின்னவன்." பேச்சை எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் இங்கேதான் கொண்டுவந்து நிறுத்துவார்.

அந்த வாக்கு இப்போது வேறு விதமாகப் பலித்திருந்தது. மனைவி போய் ஆறு வருஷம். மகன் விமானம் ஏறிப் போகிற தூரத்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அவன் போன் வரும். மற்ற ஆறு நாளும் அந்தப் போன் மேஜை மேல் கவிழ்ந்து கிடக்கும்.

வீட்டில் மூன்று அறை. மூன்றிலும் பழைய சங்கிலி ரம்பங்கள். பின்னால் பெட்ரோல் எஞ்சின், முன்னால் நீளமான இரும்புப் பட்டை, பட்டையைச் சுற்றி ஓடும் பல் வைத்த சங்கிலி. இப்படி நாற்பத்து மூன்று மெஷின்கள், இரும்பு அலமாரிகளில் மூக்கை ஒரே பக்கம் நீட்டிக்கொண்டு படுத்திருந்தன. பழைய இரும்புக் கடைகளிலும் மூடிய மர மில்களிலும் தோட்டத்துக் கொட்டகைகளிலும் தேடிப் பிடித்து, துரு சுரண்டி, பிஸ்டன் மாற்றி, பழைய நிறத்தையே தேடிப் பூசி உயிர் கொடுத்தவை. உதிரி பாகங்கள் பால் பவுடர் டப்பாக்களில் இருந்தன. எழுதி ஒட்டுவது முதலாளிக்குத் தொல்லை. எந்த டப்பாவில் எது இருக்கிறதோ அதில் ஒன்றை வெளியே கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். காற்றடித்தால் அலமாரி முழுக்கக் கிணுகிணுக்கும். கட்டில் ஹாலுக்கு வந்துவிட்டது. சமையலறையில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். இரண்டாவது டம்ளரில் ஸ்பார்க் பிளக்குகள் ஊறிக்கொண்டிருக்கும்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு மெஷினை வாசலுக்குக் கொண்டுவந்து, கயிற்றை இழுத்து, ஐந்து நிமிஷம் ஓடவிடுவார். ஓடாமல் கிடந்தால் மெஷின் கெட்டுப்போகும் என்பது வெளியே சொல்லும் காரணம். உள்ளே இருக்கும் காரணம் பக்கத்து வீட்டு டீச்சர். சத்தம் கேட்டதும் அந்தம்மா காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டிவிடும்.

"சார், இது வீடா, மரக்கடையா?"

"டீச்சரம்மா, இது ஐம்பத்தஞ்சு வருஷத்து மெஷின். உங்களுக்கு மூத்தது. கொஞ்சம் மரியாதையா பேசுங்க."

"கயிறு இழுத்தது போதாதுன்னு என் வயசையும் இழுக்கறீங்களா? பரீட்சைப் பேப்பர் திருத்திட்டிருக்கேன் சார். உங்க சத்தத்துல ஒரு பையனுக்கு ரெண்டு மார்க் அதிகமாப் போட்டுட்டேன்."

"நல்ல காரியம்தான? அவன் என் பேரச் சொல்லி நல்லா இருக்கட்டும்."

அந்தம்மா திட்டிவிட்டுப் போனால், அன்றைக்கு ஒரு மனுஷரோடு பேசியாயிற்று. முதலாளி திருப்தியாக மெஷினைத் துடைத்து உள்ளே வைப்பார். அந்த டீச்சர் மகளின் பிரசவத்துக்கென்று பூட்டிக்கொண்டு கிளம்பிப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. முதலாளி அப்போதும் ஐந்து மணிக்குக் கயிற்றை இழுத்தார். மெஷின் ஓடியது. சுவருக்கு மேலே யாரும் வரவில்லை. இரண்டாவது நிமிஷமே அணைத்துவிட்டார்.

இப்படி இருந்த நாளில்தான் பழைய இரும்புக் கடைக்காரி கூப்பிட்டாள். அப்பன் விட்டுப்போன கடையை ஆம்பளை துணை இல்லாமல் நடத்துகிறவள். வாய் தராசை விடப் பெரியது.

"முதலாளி, குடோனக் காலி பண்றேன். அடியில ஒரு ராட்சசன் கிடக்கு. எஞ்சின் பக்கம் ரெண்டு கைப்பிடி, பட்டை முனையில இன்னொரு பிடி. எங்கப்பா காலத்துச் சரக்கு. வந்து பாக்கறீங்களா, உருக்குக்குப் போடட்டா?"

"தொடாத. யாரும் தொடக் கூடாது. வந்துட்டே இருக்கேன்."

இரண்டு ஆள் பிடிக்கிற ரம்பம் அது. அந்தக் காலத்தில் பெரிய மரங்களுக்கென்றே செய்தது. பட்டையே நாலரை அடி. எஞ்சின் பக்கம் ஒருவர், பட்டையின் முனையில் இருக்கும் துணைப்பிடியில் ஒருவர். நடுவில் மரம். இரண்டு பேரும் ஒரே அளவில் சாய்த்து, ஒரே அளவில் அழுத்த வேண்டும். ஒருத்தன் அவசரப்பட்டால் சங்கிலி கவ்விக்கொண்டு மற்றவனைத் தூக்கி அடிக்கும்.

குடோனில் டார்ச் அடித்துப் பார்த்தார் முதலாளி. துணைப்பிடியில் சைக்கிள் டியூப் ரப்பர் சுற்றி, அதன் மேல் செப்புக் கம்பியால் ஏழு சுற்று இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சு உள்பக்கம் மடங்கியிருந்தது, கையில் குத்தாமல் இருக்க. அப்படி முடிச்சுப் போடுகிறவர் உலகத்தில் ஒரே ஒருவர்தான்.

"என்ன வெல?"

"உங்க மூஞ்சியப் பாத்தா ரெட்டிப்பாச் சொல்லலாம் போலருக்கு."

"துருப்பிடிச்ச இரும்பு. எடைக்குக் காசு தரேன்."

"எடைக்குன்னா அந்தப் பிடிய ஏன் முதலாளி விடாமப் பிடிச்சிருக்கீங்க?"

அதற்கு மேல் பேரம் பேசாமல் கேட்டதைக் கொடுத்தார். வாழ்க்கையில் முதல் தடவை. கடைக்காரி பணத்தை வாங்கிக்கொண்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். நிஜமாகத்தான் கேட்டாள்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் இந்த மெஷின் நாலாயிரத்து எண்ணூறு. பாதி முதலாளி போட்டார். அப்போது அவர் முதலாளி இல்லை, வெறும் மரம் அறுக்கிறவர். மறு பாதியைப் போட்டவர் மனைவியின் அண்ணன். வீட்டு மனை வாங்கச் சேர்த்து வைத்திருந்த காசை நூறு நூறாக இருபத்திநாலு தாள் எண்ணி, "பிடி மாப்ள, மனை எங்கயும் ஓடிடாது," என்றார். எஞ்சின் பக்கம் இவர், துணைப்பிடியில் மச்சான். இரண்டே வருஷத்தில் அந்த வட்டாரத்தில் இவர்கள் விழுத்தாத பெரிய மரம் இல்லை. பேச்சே வேண்டாம். மச்சான் தோளை லேசாகத் தாழ்த்தினால் இவர் கை தானாகத் தாழும்.

பிறகு ஒரு நாள் பாதி மரத்தில் மெஷின் நின்றது. கயிறு இழுபடவில்லை. எஞ்சின் இறுகி ஒரே கட்டியாகிவிட்டது. இந்த மாதிரி எஞ்சினுக்குப் பெட்ரோலோடு எண்ணெய் கலந்துதான் ஊற்ற வேண்டும், பதினாறு பங்குக்கு ஒரு பங்கு. கலப்பது மச்சான் வேலை. டவுனில் ஒரு மெக்கானிக் பிளக்கைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "எண்ணெய் இல்லாமப் பச்சப் பெட்ரோல்ல ஓட்டியிருக்கீங்க, பிஸ்டன் தீஞ்சு ஒட்டிக்கிச்சு," என்று சொல்லிவிட்டான். முதலாளிக்கு அது போதுமாக இருந்தது.

"நான் ஊத்தினேன் மாப்ள," என்றார் மச்சான்.

"ஊத்தினா ஏன் நிக்குது? பொய் சொல்லாத."

பொய் என்ற வார்த்தை வந்ததும் மச்சான் எழுந்து போனவர்தான். முதலாளி மெஷினை இரும்புக் கடையில் தள்ளிவிட்டு, வந்த காசைத் தானே வைத்துக்கொண்டார். மச்சான் பங்கு இரண்டாயிரத்து நானூறை, அவர் செய்த நஷ்டத்துக்கு ஈடு என்று மனசுக்குள் கழித்துக்கொண்டார். இரும்புக் கடையில் வந்த காசை முதலாக வைத்துத்தான் ஒற்றை ஆள் மெஷின் வாங்கினார். அதிலிருந்துதான் கடை, பட்டறை, வீடு எல்லாம். ஒண்டியா நின்ன கதையைச் சொல்லும்போது முதலாளி இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்.

மனைவி சண்டை போடவில்லை. ஒரே தடவை, சாதம் பரிமாறும்போது சொன்னாள்: "எங்கண்ணன் ஊத்தினேன்னு சொன்னா ஊத்தியிருப்பான்." முதலாளி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அவள் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அண்ணனையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. அவள் இறந்த அன்று மச்சான் வந்தார். கேட்டுக்கு வெளியே, தெருவில், செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் நின்றார். முதலாளி ஜன்னல் வழியாகப் பார்த்தார். "உள்ள வா" என்று சொல்ல வாய் வரை வந்தது. அவர் முதலில் வரட்டும் என்று இருந்துவிட்டார். மச்சான் அரை மணி நேரம் நின்றுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை மகனிடம் முதலாளி வெற்றிக் கொடி நாட்டினார்.

"கெடச்சிடுச்சுடா! அதே மெஷின். அன்னிலேர்ந்து ஒருத்தனும் திறக்கல. நட்டுக்கெல்லாம் டீசல் பூசி ஊறப் போட்டிருக்கேன். நாளைக்குத் திறக்கறேன். உங்க மாமா எண்ணெய் ஊத்தின லட்சணத்தப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பறேன், பாரு."

மகன் பேச்சை மாற்றினான்.

"அப்பா, மாமா வர்ற வெள்ளிக்கிழமை ரூமக் காலி பண்றார். பொண்ணு கூடவே போறார். கடல் தாண்டிப் போறாருப்பா, திரும்ப வர மாட்டார்."

"உனக்கு யாரு சொன்னா?"

"மாமாதான். மாசம் ஒரு தடவ பேசுவேன். அம்மா சொல்லிட்டுப் போனாங்க, மாமாவ விட்டுடாதடான்னு."

"ஓஹோ. நல்லாப் பேசு. எனக்கென்ன."

"போட்டோ அனுப்புங்க," என்றான் மகன். அந்தக் குரலில் ஒரு ஓரம் அம்மாவுடையது.

திங்கட்கிழமை காலையில் முதலாளி ஹாலில் சாக்கு விரித்து உட்கார்ந்தார். நட்டு ஒவ்வொன்றும் முனகிக்கொண்டே வந்தது. சிலிண்டரைத் தட்டித் தட்டி உருவினார். பிஸ்டன் ஒரு பக்கம் வழித்தெடுத்த மாதிரி தீய்ந்து இழுபட்டிருந்தது. "நான் சொல்லல?" என்றார் சத்தமாக, அலமாரிகளைப் பார்த்து. போனை எடுத்துப் போட்டோ பிடிக்கப் போனவர், அதற்கு முன்னால் பழக்கதோஷத்தில் விரலை உள்ளே விட்டு, எஞ்சினின் அடிவயிறான கிராங்க் பெட்டியைத் தடவினார்.

விரல் வழுக்கியது.

வெளியே எடுத்துப் பார்த்தார். கறுப்பாக, பாகு மாதிரி, கெட்டியான எண்ணெய். முகர்ந்தார். டார்ச் அடித்தார். பேரிங்குகள் எல்லாம் அந்தப் பாகில் பத்திரமாக முக்கி வைத்த மாதிரி பளபளவென்று இருந்தன. ஒரு புள்ளி துரு இல்லை. பச்சைப் பெட்ரோலில் ஓடிய எஞ்சினின் பேரிங் காய்ந்து நீலம் பாய்ந்து கிடக்கும். அப்படி ஆயிரம் பார்த்தவர் அவர். இந்த எஞ்சின் எண்ணெய் குடித்திருக்கிறது. வயிறு நிறையக் குடித்திருக்கிறது.

அப்படியானால் ஏன் இறுகியது?

கார்புரேட்டரைக் கழற்றினார். அதற்கும் சிலிண்டருக்கும் நடுவே காற்றுப் புகாமல் இருக்க ஒரு கேஸ்கெட் இருக்க வேண்டும், தடித்த காகிதத்தில் வெட்டிய வளையம். இருந்தது. கம்பெனி கேஸ்கெட் இல்லை. ரோஸ் நிற அட்டை. ஒரு மூலை கிழிந்து, கிழிசல் வழியே காற்று ஓடிய தடம் புகைக்கோடாகப் பதிந்திருந்தது. துடைத்துத் திருப்பினார். அட்டையில் பாதிப் பூ ஒன்று அச்சடித்திருந்தது.

சோப்பு அட்டை. மனைவி குளித்த சோப்பு. மெஷின் நிற்பதற்கு முந்தின நாள் கார்புரேட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று கழற்றி, பழைய கேஸ்கெட்டைக் கிழித்தவர் இவரே. "கடைக்கு ஒரு நடை போய்ட்டு வாயேன் மாப்ள," என்றார் மச்சான். "இதுக்குக் காசா?" என்று சொல்லி, குளியலறையிலிருந்து மனைவி கொடுத்த சோப்பு அட்டையை அவளுடைய கத்தரிக்கோலாலேயே வெட்டிப் பொருத்தியவர் இவர். எவ்வளவு பெருமையாகப் பொருத்தினார்! மறுநாள் மெஷின் என்றைக்கும் இல்லாத வேகத்தில் வீறிட்டது. "பாத்தியா மச்சான், என் கை பட்டதும் எப்படிப் பறக்குது!" என்று மரத்துக்கு இந்தப் பக்கமிருந்து கத்தினார். காற்று அதிகமாகி, பெட்ரோல் குறைந்து, சாகப்போகிற எஞ்சின்தான் அப்படிப் பறக்கும். இன்றைக்கென்றால் வாசலில் நின்றே சொல்லியிருப்பார். அன்றைக்கு அவருக்கு அறுக்க மட்டும்தான் தெரியும்.

முதலாளி அட்டையைக் குப்பை டப்பாவில் போட்டார். கை கழுவினார். புது கேஸ்கெட் வெட்டி, புது பிஸ்டன் போட்டு, மூடிவிட்டால் முடிந்தது. பார்த்தவர் யார்? நாற்பத்து மூன்று மெஷினும் சாட்சி சொல்ல வராது. நியாயமாகப் பார்த்தால் மெக்கானிக் சொன்னதைத்தானே இவரும் சொன்னார். ஒருவேளை எலி கடித்திருக்கலாம். எலி இரண்டு இரும்புக்கு நடுவே எப்படிப் போகும் என்று அவரே கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் ஐந்து மணி வந்தது. கயிற்றை இழுக்கவில்லை. குப்பை டப்பாவைக் கவிழ்த்து அட்டையைத் தேடி எடுத்து, மாத்திரை டப்பாவில் வைத்து மூடினார்.

செவ்வாய்க்கிழமை மகனிடமிருந்து ஒரு வரி வந்தது: போட்டோ? எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்தார். புதன்கிழமை மொட்டைத் தலையனாகக் கிடந்த அந்த எஞ்சின் முன்னால் உட்கார்ந்து, "தப்பு என்னுது மச்சான்," என்று சொல்லிப் பார்த்தார். வாயில் கல்லைப் போட்ட மாதிரி இருந்தது. "ஒரு சின்னத் தப்பு நடந்துபோச்சு," என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தார். இது சுலபமாக வந்தது. சுலபமாக வந்ததாலேயே அதை நம்ப முடியவில்லை.

வியாழக்கிழமை பாங்கில் ஒரு லட்சம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஒன்றரை மணி நேரப் பயணம். இத்தனை வருஷமாக மச்சான் ஒன்றரை மணி நேரத்தில்தான் இருந்திருக்கிறார்.

டயர் கடைக்கு மேலே ஒரே அறை. மரக்கிடங்கில் கட்டை எண்ணிப் பிழைத்தவருக்கு அது போதும். கட்டில் பிரித்துச் சாய்த்திருந்தது. இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு சூட்கேஸ். மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். முடி முழுக்கக் கொட்டிவிட்டது. தோள் மட்டும் அதே தோள்.

"வா மாப்ள. வழி எப்படித் தெரிஞ்சுது?"

"கேட்டு வந்தேன்."

"நீயா? அடுத்தவன்கிட்டக் கேட்டா?" மச்சான் சிரித்தார். "எல்லாம் தெரிஞ்ச ஆளாச்சே நீ."

முதலாளி உட்கார்ந்தார். மெஷின் கிடைத்த கதையை ஆரம்பித்தார். இரும்புக் கடைக்காரியை எப்படி மடக்கினார், நட்டை எப்படி உருவினார், இந்த மாதிரி மெஷினைத் திறக்க இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும் என்று நீட்டிக்கொண்டே போனார். மச்சான் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சூட்கேஸைப் பூட்டத் திரும்பினார். அப்போதுதான் முதலாளி மாத்திரை டப்பாவை எடுத்தார்.

"தப்பு என்னுது," என்றார் மெதுவாக.

"என்னது?"

"தப்பு என்னுது மச்சான்."

"சத்தமாச் சொல்லுய்யா. அந்த மெஷின் என் காதத் தின்னுட்டுதான் போச்சு."

"தப்பு என்னுது!" முதலாளி கத்தினார். "நீ எண்ணெய் ஊத்தின! நான் வெட்டிப் போட்ட சோப்பு அட்டை கிழிஞ்சு காத்து போயிருக்கு! அதான் இறுகிச்சு! நான்தான் பொய் சொன்னேன், நீ இல்ல!"

கீழே டயரில் சுத்தியல் அடிக்கிற சத்தம் நின்றது. யாரோ படிக்கட்டருகில் வந்து மேலே பார்த்தார்கள்.

மச்சான் அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். பாதிப் பூவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பதினாறுக்கு ஒண்ணு," என்றார்.

"பதினாறுக்கு ஒண்ணு. சரியா இருந்துது."

"அவகிட்டச் சொன்னியா?"

"அவ போனப்புறம்தான் தெரிஞ்சுது. இந்தத் திங்கக்கெழமதான்."

"இருக்கும்போது தெரிஞ்சிருந்தா?"

இதற்கு ஒரு நல்ல பதில் முதலாளியின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை விழுங்கினார். "தெரியல மச்சான்," என்றார்.

மச்சான் தலையை ஆட்டினார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "இது அவ சோப்பு. எங்கிட்ட இருக்கட்டும்."

முதலாளி பணக்கட்டை எடுத்துப் பெட்டி மேல் வைத்தார்.

"இது என்ன?"

"உன் பங்கு. ஒரு லட்சம்."

"நான் லட்சம் குடுக்கலியே."

"அன்னிக்குக் காசுக்கு இன்னிக்கு வெல என்ன? மனை வாங்க வச்சிருந்த பணம். கணக்குப் போட்டுத்தான் கொண்டாந்தேன்."

"கணக்கெல்லாம் நீ அப்பவும் நல்லாத்தான் போட்ட." மச்சான் கட்டைத் திருப்பித் தள்ளினார். "நான் குடுத்தது நூறு நூறா இருபத்திநாலு தாள். அது போதும். அதுக்கு மேல ஒண்ணு வந்தாலும் எனக்குத் தூக்கம் வராது."

கட்டு முழுக்க ஐந்நூறுத் தாள். முதலாளி அதை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். எவனிடமும் போய் நிற்காத மனிதர், அந்தத் தெருவில் கடை கடையாகச் சில்லறைக்கு நின்றார்.

"ஐயா, நீங்கதான மேல கத்தினது?" என்றான் டயர் கடைக்காரன்.

"ஆமா. நூறா மாத்திக் குடுப்பியா?"

"பத்துதான் இருக்கு. இந்தாங்க. இனிமே மெதுவாப் பேசுங்க, வந்த கஸ்டமர் ஓடிட்டான்."

மருந்துக் கடையில் ஐந்து. பெட்ரோல் பங்கில் மீதி. பங்குக்காரப் பெண் தாள்களை எண்ணிக் கொடுத்துவிட்டு, "என்ன தாத்தா, யாருக்காவது ஃபீஸ் கட்டணுமா?" என்றாள். "ஆமாம்மா, பழைய ஃபீஸ்," என்றார்.

திரும்பி வந்தபோது மச்சான் அதே ஸ்டூலில் இருந்தார். வலது கையை நீட்டினார். நாலு விரலும் நுனியிலிருந்து நடு வரை மெழுகு மாதிரி வெளுத்திருந்தன. மெஷின் அதிர்ந்து அதிர்ந்து ரத்த ஓட்டம் விட்டுப்போன விரல்கள். முதலாளிக்கு இடது கையில் இரண்டு விரல் அப்படி.

"இந்தக் கைக்கு ஒண்ணும் தெரியாது மாப்ள. குண்டூசி குத்தினாலும் தெரியாது. வாயால எண்ணி வை. நான் பாத்துக்கறேன்."

"முனையில பிடிச்சவன் நீ. அதிர்வு பூரா உனக்குத்தான்."

"இப்பதான் தெரிஞ்சுதா?"

முதலாளி தாள்களை எடுத்தார். எண்ணுவதற்கு முன்னால், கேட்க வேண்டாம் என்று நினைத்ததைக் கேட்டுவிட்டார். "புது பிஸ்டன் போட்டுடுவேன். பத்து நாள் வேல. ஓட்டிப் பாக்கணும்னா மறுபக்கம் ஒரு ஆள் வேணும்."

"நாளைக்குக் காலையில வண்டி வருது."

"தெரியும்."

"தெரிஞ்சும் கேக்கற."

"கேட்டு வைப்போமேன்னுதான்."

மச்சான் உள்ளங்கையை இன்னும் கொஞ்சம் விரித்தார். முதலாளி எண்ணி வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று வேகமாக, கடையில் கல்லா முன்னால் எண்ணுகிற வேகத்தில் இருபத்திநாலையும் வைத்து முடித்தார்.

"மறுபடியும் எண்ணு."

"சரியாத்தான இருக்கு?"

"நீ எண்ணினா ரெண்டு தடவ எண்ணணும்," என்றார் மச்சான்.

முதலாளி தாள்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒரு தாளை வைத்து, அதன் மடிப்பைக் கட்டைவிரலால் நீவி, மச்சான் தலையசைத்த பிறகே அடுத்ததை எடுத்தார். கீழே சுத்தியல் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. பதினெட்டு. பத்தொன்பது. பெட்டிகள் அடுக்கிய அந்த அறையில் வெயில் ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்திருந்தது. இருபத்திரண்டு. இருபத்திமூன்று. கடைசித் தாளைக் கையிலேயே வைத்திருந்தார்.

"வை மாப்ள."

"இருபத்திநாலு," என்று சொல்லி வைத்தார்.